பருத்தியில் தாவரக் கழிவுச் சாயம் சரியாகப் பிடிக்காதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வெங்காயச் சருகு, மாதுளைத் தோல், மாலைகளிலிருந்து கழிக்கப்படும் செண்டுமல்லி ஆகிய மூன்றைக் கொண்டு பருத்தித் துணிக்குச் சாயமேற்றுவோர் அடிக்கடி சந்திக்கும் கோளாறுகளை இங்கே அறிகுறி வாரியாகத் தொகுத்திருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணம் முதலிலும், செலவு மிகுந்த காரணம் கடைசியிலும் வருகின்றன. சாயம் சரியாக ஏறாத துணியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் முதலில் செய்வது சருகின் அளவைக் கூட்டுவதுதான். ஆனால் குறை பெரும்பாலும் துணி சாயப் பானைக்குள் போவதற்கு முன்பே, கஞ்சி நீக்கும்போதோ, சாயத்தைத் துணியோடு பிணைக்கும் படிகாரத்தில் ஊறவைக்கும்போதோ உண்டாகியிருக்கும். ஆகையால் சோதனையைத் துணியிலிருந்து தொடங்கிப் பானையை நோக்கி நகர்த்துவதே சரியான வரிசை.

## ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை அளவு

கீழே வரும் சோதனைகள் எல்லாம் உலர்ந்த நிலையில் ஒரு கிலோ எடையுள்ள துணியைக் கணக்கில் கொண்டவை. கஞ்சி நீக்க, 30 கிராம் சலவைச் சோடாவும் சிறிது சோப்பும் கலந்த நீரில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். அடுத்து 150 கிராம் கடுக்காய்த் தூள் கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்து, அலசாமல் நிழலில் உலர்த்த வேண்டும். பிறகு 150 கிராம் படிகாரத்தைச் சுடுநீரில் கரைத்து, 20 கிராம் சலவைச் சோடாவைத் தனியே கரைத்துச் சிறிது சிறிதாக அதில் சேர்த்து (ஒரேயடியாக ஊற்றினால் நுரை பொங்கி வழியும்), துணியை அதில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். சாயத்துக்கு உலர்ந்த வெங்காயச் சருகு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரையும், உலர்ந்த மாதுளைத் தோல் அரைக் கிலோவும், உலர்ந்த செண்டுமல்லி அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரையும் போதுமானவை. பச்சைப் பூவானால் இரண்டு முதல் மூன்று கிலோ வேண்டும். பாத்திரம் எவர்சில்வராக இருக்க வேண்டும். சாயத்துக்கு எடுத்த பாத்திரம் மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது.

## அறிகுறி 1: சாயம் ஏறவே இல்லை, அல்லது மிகவும் வெளிறியிருக்கிறது

முதலில் துணியை விட்டுவிட்டுப் பானையில் மீந்திருக்கும் சாயநீரைப் பார்க்கவும். ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால் வழி இரண்டாகப் பிரியும்.

### சாயநீர் இன்னும் அடர்த்தியாக இருக்கிறது, துணி மட்டும் வெளிறியிருக்கிறது

சாயம் இருக்கிறது, துணி அதை வாங்கவில்லை என்பது இதன் பொருள். பின்வருமாறு சரிபார்க்கவும்.

துணி உண்மையிலேயே பருத்தியா என்று பாருங்கள். ஓரத்திலிருந்து இரண்டு நூல்களை உருவித் தீயில் காட்டினால், பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலைத் தரும். பாலியஸ்டர் கலந்த நூல் உருகிச் சுருண்டு, ஆறியபின் கடினமான கருமணியாக நிற்கும். கலப்புத் துணியில் பருத்திப் பங்கு மட்டுமே சாயத்தை வாங்கும் என்பதால், அதை எத்தனை முறை முக்கினாலும் நிறம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது. பாவு ஒன்றாகவும் ஊடை வேறாகவும் உள்ள துணிகளும் கடைகளில் பருத்தி என்றே விற்கப்படுகின்றன; ஆகவே இரண்டு திசைகளிலிருந்தும் நூலை எடுத்துக் கொளுத்திப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கஞ்சியும் மெழுகும். உலர்ந்த துணியை மேசைமேல் விரித்து, விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நன்றாகக் கஞ்சி நீங்கிய துணியில் சொட்டு விழுந்தவுடன் பரந்து ஊறிவிடும். சொட்டு உருண்டையாக நின்று, துணியைச் சாய்த்தால் ஓடுமானால், அந்தத் துணிக்குள் கடுக்காயும் போயிருக்காது, படிகாரமும் போயிருக்காது. இந்தச் சோதனையை ஒரே இடத்தில் செய்து நிறைவடையக் கூடாது. இரண்டு ஓரங்கள், நடுப்பகுதி, மடிப்பு இருந்த இடம் என்று நான்கைந்து இடங்களில் செய்ய வேண்டும். காடாத்துணியை ஒருமுறை கொதிக்கவைத்த நீர் தேநீர் நிறத்தில் இறங்கினால், அதைக் கொட்டிவிட்டுப் புதிய சோடா நீரில் மறுபடி கொதிக்கவைப்பது அவசியம். கடையில் வாங்கிய வெள்ளைத் துணியில் மென்மைக்காகச் சிலிக்கோன் பூச்சு ஏற்றியிருந்தால், சோடாக் கொதிப்பிலும் அது முழுமையாக நீங்காது. அந்தத் துணியை மாற்றுவதே மலிவு.

மூன்றாவதாக, படிகாரம் பிடித்திருக்கிறதா என்று காண வேண்டும். படிகாரத்தில் ஊறிய துணித்துண்டு ஒன்றையும் ஊறாத துண்டு ஒன்றையும் ஒரே சாயநீரில் கால் மணி நேரம் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே நிறத்தில் வெளிவந்தால் படிகார ஊறல் வீணாகிவிட்டது என்று உறுதி செய்துகொள்ளலாம். கடுக்காயைத் தவிர்த்துவிட்டு நேரே படிகாரத்துக்குப் போனது, ஊறும் நேரத்தைக் குறைத்தது, உப்புத்தண்ணீரில் படிகாரத்தைக் கரைத்தது ஆகியவை இதற்கான காரணங்கள். ஈரோடு, திருப்பூர், கரூர்ப் பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. அதில் உள்ள காரத்தன்மை படிகாரத்தின் ஒரு பகுதியைத் துணிக்குச் சேரவிடாமல் வெண்கலங்கலாக மாற்றிப் பானையின் அடியில் படிய வைத்துவிடுகிறது. ஒரு டம்ளரில் கிணற்று நீரும் மற்றொன்றில் ஆர்ஓ நீரும் எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு படிகாரத்தைக் கரைத்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். படிகார ஊறலுக்கு மட்டுமாவது மழைநீரையோ ஆர்ஓ நீரையோ பயன்படுத்தினால் போதும். எல்லாக் கட்டங்களுக்கும் அது தேவையில்லை.

சாயம் ஏறாதபோது உப்பும் வினிகரும் போடச் சொல்லும் அறிவுரை எங்கும் பரவியிருக்கிறது. இந்த மூன்று சாயங்களையும் பருத்தியில் ஊன்றச் செய்யும் வேலையை அவை செய்வதில்லை.

### சாயநீரே வெளிறியிருக்கிறது

பச்சைப் பூவை உலர்ந்த பூவின் கணக்கில் எடை போட்டிருந்தால் இப்படி ஆகும். வெள்ளை வெங்காயத்தின் சருகில் நிறம் ஏறக்குறைய இல்லை என்பதால் அதைச் சேகரிப்பில் சேர்க்கக் கூடாது. மாதுளைத் தோலை முழுதாகப் போட்டால் சாயம் முழுவதும் இறங்காது. உலர்த்தி இடித்து, ஓர் இரவு ஊறவைத்து, பிறகு ஒரு மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட வேண்டும். இரண்டாம் தண்ணீரும் எடுத்து முதலாவதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

பீட்ரூட் தோல், செம்பருத்தி, நாவல்பழச் சக்கை ஆகியவை இந்தத் தலைப்பில் அடங்கா. அவற்றின் நீர் அடர்த்தியாகவே இருக்கும்; துணியும் முதலில் அழகாகத் தோன்றும்; ஆனால் அந்த நிறங்கள் பருத்தியில் நிலைப்பதில்லை. விற்பனைக்கான துணியில் அவற்றைப் பயன்படுத்துவது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

## அறிகுறி 2: நிறம் திட்டுத்திட்டாக இருக்கிறது

திட்டின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும். ஆகவே துணியை நனைக்காமல், பகல் வெளிச்சத்தில் கொடியில் தொங்கவிட்டு வடிவத்தைப் பாருங்கள்.

### மேகம் போன்ற பெரிய வெளிறிய பகுதிகள்

பானைக்குள் துணி நெருக்கமாக அடைபட்டிருந்தது என்பதையே இது காட்டுகிறது. ஒரு கிலோ துணிக்கு 20 முதல் 30 லிட்டர் நீர் வேண்டும். துணி நீரில் தாராளமாகப் புரள வேண்டும். உலர்ந்த துணியை நேரே சாயநீரில் போடக் கூடாது. வெற்று நீரில் முழுமையாக நனைத்துப் பிழிந்தபின் போட வேண்டும். முதல் அரை மணி நேரம் கிளறுவதை நிறுத்தவே கூடாது, ஏனெனில் சாயத்தின் பெரும்பங்கு அந்த நேரத்தில்தான் துணிக்குள் போகிறது.

### மடிப்பின் வழியாகச் செல்லும் கோடுகள், ஒரு பக்க ஓரத்தில் அடர்ந்த பட்டை

கடுக்காயிலோ படிகாரத்திலோ ஊறிய துணியைக் கொடியில் இரட்டையாக மடித்து உலர்த்தியதால் இது நேர்கிறது. ஈரம் கீழ்நோக்கி வடியும்போது கரைந்திருந்ததும் அதனோடு இறங்கிக் கீழ் ஓரத்தில் சேர்ந்துவிடுகிறது. அந்த நிலையில் எதுவும் கண்ணுக்குப் புலப்படாது. சாயத்தில் போட்டவுடன் பட்டை எழும்பும். ஒற்றையாக விரித்து, கிடைமட்டமாக நான்கு முனைகளிலும் பிடித்துக் கட்டி, நிழலில் உலர்த்துவதே தீர்வு. வெயிலில் வேகமாக உலரும் மேற்பரப்பும் இதே கோளாறைத் தரும்.

### சிறு கரும்புள்ளிகள்

துரு என்று முதலில் ஐயுறவும். கடுக்காய் ஊட்டிய துணியில் இரும்பின் சிறு துகள் பட்டாலும் மை போன்ற புள்ளி விழும்; குழாயின் வாய், வாளியின் கைப்பிடி, கொடிக் கம்பி, துணியில் குத்திய ஊசி ஆகிய நான்கையும் பாருங்கள். சருகுத் துகள் ஒட்டியதால் வந்த புள்ளியானால் மேலே பழுப்பு நிறத்தில் இருக்கும். அப்படியானால் சாயநீரை மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டினால் போதும். துருப்புள்ளி விழுந்த துணியைச் சுத்தமாக மீட்பது கடினம். அன்னபேதி (இரும்பு உப்பு) கரைத்த நீரில் முக்கி முழுத் துணியையும் கருஞ்சாம்பல் நிறத்துக்குக் கொண்டுபோவதே நடைமுறையில் பயன்படும் வழி.

## அறிகுறி 3: மஞ்சளை எதிர்பார்த்த இடத்தில் பாசிப்பச்சையோ சாம்பலோ வருகிறது

முதற்காரணம் பாத்திரம். இரும்புக் கடாய், எனாமல் உதிர்ந்த பாத்திரம், செம்பு அண்டா ஆகியவை நிறத்தை மந்தமாக்கும். துருப்பிடித்த திருகாணியோ கரண்டியோகூடப் போதும்.

இரண்டாவது காரணம் பூவோடு சேர்ந்து வரும் பொருள்கள். கோயில் மாலையில் வாழைநார், துளசி, மரிக்கொழுந்து, குங்குமம், விபூதி எல்லாம் கலந்திருக்கும். செண்டுமல்லியின் இதழை மட்டும் கிள்ளி எடுத்து, அடியில் உள்ள பச்சைப் பகுதியை நீக்கிவிட்டால் மஞ்சள் தெளிவடையும். இது அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் ஒரே மாலையின் பூவைப் பாதி இதழாகவும் பாதி முழுப்பூவாகவும் பிரித்துச் சாயமேற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் அந்த உழைப்பை விடமாட்டார்கள்.

மூன்றாவது காரணம் நீரிலுள்ள இரும்பு. இதற்குக் கடுக்காயே நல்ல சோதனைப் பொருள். ஒரு கரண்டி கடுக்காய்த் தூளை ஆர்ஓ நீரில் ஊறவைத்து வடிகட்டித் தெளிந்த நீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் உங்கள் கிணற்று நீர், மற்றொன்றில் ஆர்ஓ நீர். இரண்டையும் வெள்ளைத் தாளின் மேல் வைத்து, ஒவ்வொன்றிலும் கடுக்காய் நீரைச் சம அளவு ஊற்றுங்கள். சில நிமிடங்களில் கிணற்று நீர் மட்டும் கரும்பச்சை கலந்த சாம்பலாக மாறினால் அதில் இரும்பு இருக்கிறது. அந்த நீரில் செய்யும் எந்த மஞ்சளும் தெளியாது. நீரைத் தொட்டியில் திறந்து வைத்து, நன்றாகக் கலக்கி, ஓரிரு நாள் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் எடுத்தால் இரும்பு ஓரளவு குறையும். அதே சோதனையை மறுபடி செய்து உறுதி செய்யுங்கள். குறையவில்லையெனில் நீரை முறையான ஆய்வகத்தில் பகுப்பாய்வு செய்யக் கொடுத்து, அந்த அறிக்கையின் அடிப்படையில்தான் வடிகட்டி வாங்க வேண்டும். அறிக்கை இல்லாமல் வடிகட்டி வாங்குவது வீண்செலவு.

கடுக்காய் தானே ஒரு மங்கல் மஞ்சள் அடிநிறத்தைத் தரும் என்பதையும் நினைவில் வைக்கவும். மிகத் தெளிவான நிறம் வேண்டுமென்றால் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மாசிக்காயைப் பயன்படுத்தலாம், விலை கூடுதல்.

## அறிகுறி 4: துவைக்கும்போது சாயம் போகிறது

முதல் இரண்டு மூன்று துவைப்புகளில் ஒட்டாத சாயம் வெளியேறுவது இயல்பு. அதற்குப் பிறகும் தண்ணீர் நிறமாகவே இருந்தால்தான் கோளாறு. நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் துணியின் ஒரே இடத்தைப் பத்து முறை தேய்த்துப் பாருங்கள்.

### கைக்குட்டையில் நிறம் ஏறுகிறது

சாயம் நூலுக்குள் போகாமல் மேலே படிந்திருக்கிறது. படிகார ஊறலுக்குப் பிறகு ஒட்டாத படிகாரத்தை நீக்காமல் நேரே சாயத்தில் போட்டதே பெரும்பாலான நேரங்களில் காரணம். அந்த உதிரிப் படிகாரம் பானையிலேயே சாயத்தோடு சேர்ந்து துகளாகித் துணியின் மேல் படிகிறது. ஒரு கைப்பிடி கோதுமைத் தவிட்டைத் துணியில் முடிந்து வெந்நீரில் கசக்கி எடுத்த தவிட்டு நீரில், படிகாரம் ஊறி உலர்ந்த துணியைப் பத்து நிமிடம் அலசி எடுத்தால் இது தீரும். ஏற்கெனவே சாயமேற்றிய துணியைப் பூந்திக்கொட்டை நீரில் தண்ணீர் தெளியும்வரை அலசுவதைத் தவிர வழியில்லை; அலசியபின் நிறம் இளைத்திருந்தால் கடுக்காய், படிகாரம், சாயம் என்ற வரிசையை மீண்டும் ஒருமுறை செய்யலாம்.

### கைக்குட்டை சுத்தமாக இருக்கிறது, துவைத்தால் மட்டும் நிறம் மாறுகிறது

குறை சோப்பில் இருக்கிறது. துணி துவைக்கும் கட்டிச் சோப்பும் தூளும் காரத்தன்மை உள்ளவை. செண்டுமல்லி மஞ்சள் காரத்தில் அடர்ந்து ஆரஞ்சை நோக்கிச் செல்லும். எலுமிச்சை, புளி, வியர்வை பட்ட இடத்தில் வெளிறும். துணியின் மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறும், மற்றொரு மூலையில் ஒரு சொட்டுச் சோப்பு நீரும் விட்டு உலரவிட்டால், வாங்குபவரிடம் என்ன சொல்லி விற்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். பூந்திக்கொட்டை அல்லது காரமில்லாத திரவச் சோப்பு என்ற குறிப்புச் சீட்டை ஒவ்வொரு துணியோடும் வைப்பது கடமை.

சாயமேற்றிய துணியைப் பானையிலேயே ஆறவிட்டு, நிழலில் உலர்த்தி, சில நாள்கள் மடித்து வைத்தபின் முதல் அலசல் செய்வது நல்ல வழக்கம்.

## அறிகுறி 5: வெயிலில் வெளுக்கிறது

இங்கே பொருளின் இயல்பை ஏற்றுக்கொண்டே தொடங்க வேண்டும். மஞ்சள் கிழங்குக் கழிவின் நிறம் வெயில் முன் நிற்காது. வெங்காயச் சருகும் செண்டுமல்லியும் நடுத்தரம். மாதுளைத் தோல் இவற்றைவிட உறுதி. அட்டையால் பாதி மறைத்த துணித்துண்டைத் தெற்குப் பார்த்த சன்னலில் ஒரு வாரம் வைத்து, அட்டையை எடுத்துப் பாருங்கள். எல்லைக்கோடு தெளிவாகத் தெரிந்தால் அந்தத் துணி திரைச்சீலைக்கு ஆகாது.

செலவில்லாத முதல் தீர்வு நிழலில் உலர்த்துவது. அடுத்தது கடுக்காய்க் கட்டத்தைத் தவறாமல் செய்வது. மூன்றாவது, வெங்காயச் சருகோடு மாதுளைத் தோலைச் சேர்ப்பது. நான்காவது, சாயமேற்றியபின் அன்னபேதி கரைத்த நீரில் சில நிமிடம் முக்குவது; நிறம் பாசிக்கும் சாம்பலுக்கும் போகும், ஆனால் நிலைக்கும்.

ஏற்றுமதிக்கோ பெரிய கடைக்கோ கொடுப்பதானால் சன்னல் சோதனை போதாது. கோவையில் 1956 முதல் இயங்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவிலோ, மத்திய அரசின் ஜவுளிக் குழு ஆய்வகத்திலோ ஐஎஸ்ஓ 105 வரிசைச் சோதனைகளுக்கு (துணியில் நிறம் நிலைப்பதை அளக்கும் பன்னாட்டுச் சோதனைகள்) மாதிரி கொடுங்கள். வெளிச்சத்தில் நிலைப்பது 1 முதல் 8 வரையும், துவைப்பிலும் உராய்விலும் நிலைப்பது 1 முதல் 5 வரையும் தரமிடப்படும். எண் கூடினால் உறுதி கூடியது. வாங்குபவர் எந்தத் தரத்தைக் கேட்கிறார் என்பதை எழுத்தில் பெற்றுக்கொண்ட பிறகே மாதிரி அனுப்ப வேண்டும்.

## அறிகுறி 6: ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நிறம் வருகிறது

சின்ன வெங்காயச் சருகும் பெல்லாரிச் சருகும் ஒன்றாகா. ஒரே வகையிலும் பருவத்துக்குப் பருவம் வேறுபடும். ஆகவே ஒரு சேலைத் தொகுதிக்கு வேண்டிய சருகு முழுவதையும் முன்கூட்டியே சேர்த்து, ஈரமில்லாமல் உலர்த்தி, ஒன்றாகக் கலந்து வைத்துக்கொள்ள வேண்டும். துணி, சருகு, படிகாரம், நீர் ஆகிய நான்கையும் எடையாலும் அளவாலும் எழுதி, அந்தத் துணியின் ஒரு துண்டை அதே தாளில் தைத்து வையுங்கள். கைப்பிடிக் கணக்கில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கோளாறு தீரவே தீராது. மீறி வேறுபட்டுவிட்ட இரண்டு துணிகளை, இரண்டையும் சேர்த்து நீர்த்த மாதுளைச் சாயத்தில் ஒருமுறை முக்கினால் நெருங்கி வரும்.

இத்தனைக்குப் பிறகும் நிறம் நிலையாக அமையவில்லை என்றால், காஞ்சிபுரத்திலும் சேலத்திலும் உள்ள நெசவாளர் சேவை மையங்களில் எழுதிவைத்த தாள்களோடு போய்க் கேட்கலாம். தாள் இல்லாமல் வெறும் துணியைக் காட்டினால் அவர்களாலும் ஊகிக்கத்தான் முடியும்.

## அறிகுறி 7: துணி சில மாதங்களில் இற்றுப்போகிறது

இது மற்ற எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது, ஏனெனில் விற்ற பிறகே தெரியவரும். சாம்பலும் கறுப்பும் ஏற்றிய துணிகளிலேயே பெரும்பாலும் காணப்படும். அன்னபேதியில் உள்ள இரும்பு, பருத்தி இழையை மெல்ல அரிக்கும். சோழமண்டலக் கரையில் செய்யப்பட்டு அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய கலம்காரித் துணிகளில், சிவப்பு அப்படியே நிற்க, இரும்பால் வரைந்த கறுப்புக் கோடுகள் மட்டும் இற்று உதிர்ந்திருப்பதைக் காணலாம்.

ஒரு கிலோ துணிக்கு அன்னபேதி 10 முதல் 20 கிராமைத் தாண்டக் கூடாது. சூடாக்காமல், பத்து நிமிடத்துக்குள் எடுத்து, உடனே நிறைய நீரில் அலச வேண்டும். அன்னபேதி நீரோடு உலரவிடவே கூடாது. இன்னும் கறுப்பு வேண்டுமென்றால் இரும்பைக் கூட்டாமல் கடுக்காயைக் கூட்டி, இரண்டு முறை முக்கி எடுக்கவும். சோதிக்க, துணியின் ஓரத்தை இரு கைகளாலும் பிடித்து இழுக்கவும். சாயமேற்றாத அதே துணி தாங்கும் இழுப்பில் இது முறுமுறுவென்று கிழிந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட வேண்டும். இற்ற இழையைத் திரும்ப வலுவாக்கும் முறை கிடையாது. ஐயம் உள்ள தொகுதிக்கு இழுவலிமைச் சோதனையை ஆய்வகத்தில் செய்துகொள்வது, திரும்பிவரும் துணிகளின் செலவைவிடக் குறைவு.

## அறிகுறி 8: துணியில் வாடை

வெங்காய வாடை இரண்டு அலசலிலும் காற்றோட்டத்திலும் போய்விடும். புளித்த வாடை போகாமல் நின்றால் சாயநீர் கெட்டிருந்தது என்று பொருள். சாயநீரை இரண்டு நாளுக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது, பூஞ்சை பூத்த சருகைச் சாயத்துக்கு எடுக்கவும் கூடாது. மீந்த சருகையும் பூவையும் உரக்குழியில் சேர்க்கலாம். படிகார நீரை அடுத்த முறைக்குப் பாதியளவு படிகாரம் சேர்த்துப் பயன்படுத்தித் தீர்க்கலாம். மயில்துத்தம் (செம்பு உப்பு) கலந்த நீர் மட்டும் மண்ணுக்கும் சாக்கடைக்கும் போகக் கூடாத நஞ்சு என்பதால், அந்த உப்பை இந்த வேலைக்கு வாங்காமலிருப்பதே நல்லது.